நூற்றிருபது கட்டும் ஒரு கிண்ணம் மஞ்சளும்

நிம்மதிக்கும் செல்வப்பிரியாவுக்கும் ஏழாம் பொருத்தம். போன வாரம் கடைசிக் குல்லாயில் கடைசி நூலைக் கத்தரித்துவிட்டு, அப்பாடா என்று தையல் மிஷினுக்கு உறை போட்டாளே, அப்போதே நமக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

நடுவில் வந்து உட்கார்ந்தவர்களுக்காக இரண்டு வார்த்தை. கொல்லங்கோட்டுக்குக் கிழக்கே, தென்னந்தோப்புக்கு நடுவில் இருக்கும் அப்புசாமி வீட்டின் ஒரே மருமகள் செல்வப்பிரியா. மூன்று மாதமாக அவளும் அக்கம்பக்கத்துப் பெண்கள் ஐந்து பேரும் பச்சைக் குழந்தைகளுக்குத் துணி தைத்தார்கள். தைத்தது அடுத்த தெருவுக்கு இல்லை, ஆப்பிரிக்காவில் மலாவி என்கிற நாட்டுக்கு. அங்கே ஒரு குக்கிராமத்தில் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மருத்துவச்சி ஒருத்தியும் அவள் கணவரும் மூன்றே அறையில் ஒரு பிரசவ ஆஸ்பத்திரி நடத்துகிறார்கள். பெரிய பெயர், பெரிய கட்டடம், பெரிய மனிதர்கள் எதுவும் கிடையாது. அவரவர் கொடுப்பதில் ஓடுகிறது.

நெம்மாறாவைச் சேர்ந்த நர்ஸ் பின்சி வருடத்துக்கு மூன்று மாதம் அங்கே போய்ச் சம்பளம் வாங்காமல் வேலை செய்கிறவள். அவள்தான் செல்வப்பிரியாவிடம் இதைச் சொன்னது. பிள்ளையைச் சுற்றித் தூக்கிக்கொண்டு போக ஒரு நல்ல துணி இல்லாத வெட்கத்தில் பல பெண்கள் அந்த ஆஸ்பத்திரிக்கு வருவதே இல்லையாம். வீட்டிலேயே பெற்றுக்கொள்கிறார்கள். எல்லோரும் பிழைத்துவிடுவதில்லை. அங்கே போனால் ஒரு கட்டுப் புதுத்துணி உண்டு என்று தெரிந்தால் இருபது கிலோமீட்டர் நடந்தாவது வந்துவிடுகிறார்கள்.

சட்டை, குல்லாய், சுற்றுத்துணி, மூன்றும் சேர்ந்தது ஒரு கட்டு. நூற்றிருபது கட்டு தருகிறேன் என்று செல்வப்பிரியா வாக்குக் கொடுத்தாள். பக்கத்து வீட்டு நூர்தீன் தன் ஜவுளிக்கடையிலிருந்து இரண்டு பேல் வெள்ளை மல்துணி கொடுத்தார். தைத்து முடித்தாயிற்று. இன்று சாயங்காலம் பின்சி கோயமுத்தூரில் விமானம் ஏறுகிறாள். மூன்று மணிக்குக் கட்டுகள் இந்த வீட்டை விட்டுக் கிளம்பியாக வேண்டும்.

காலை ஏழரை மணிக்கு, மரப்பெட்டியில் துணிக்கட்டுகள் அடுக்கியிருந்த கடைசி அறையில் செல்வப்பிரியாவும் நூர்தீனின் மனைவி கதீஜாவும் பிளாஸ்டிக் உறைகளோடு உட்கார்ந்தார்கள். அந்த மரப்பெட்டியின் அடியில், துணிகளுக்கெல்லாம் கீழே, செய்தித்தாள் விரிப்புக்கு அடியில் இன்னொரு பொருளும் இருந்தது. அது கதீஜாவைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது என்று செல்வப்பிரியா நம்பிக்கொண்டிருந்தாள். அதை அப்புறம் பார்ப்போம்.

முதல் கட்டை உறைக்குள் நுழைத்தாள். உள்பக்கமாக மடித்திருந்த முனை ஒன்று பிரிந்துகொண்டது. அதில் ஒரு கட்டைவிரல் அகலத்துக்கு மஞ்சள்.

"கதீஜாக்கா, இதென்ன கறை?"

கதீஜா வாங்கி மோந்து பார்த்தாள். "மஞ்சளாட்ட இருக்குது பிரியா."

இரண்டாவது கட்டைப் பிரித்தாள். சட்டையின் மூலையில் மஞ்சள், குல்லாயின் ஓரத்தில் மஞ்சள், சுற்றுத்துணியின் நுனியில் மஞ்சள். மூன்றாவதிலும் அப்படியே. பத்தாவது வரை பிரித்தாள், பத்திலும் மஞ்சள். நேற்று மத்தியானம் உறை வாங்கி வர இருவரும் கடைக்குப் போனார்கள். திரும்பி வர ஐந்து மணி ஆயிற்று. இடைப்பட்ட நேரத்தில் வீட்டில் இருந்தது ஒரே ஒரு ஆள்.

அந்த ஒரே ஒரு ஆள் சமையல்கட்டு வாசலில் அவரைக்காய்க்கு நார் உரித்துக்கொண்டிருந்தாள். செல்லாத்தாள், அப்புசாமியின் சம்சாரம், செல்வப்பிரியாவுக்கு மாமியார்.

"அத்தை, இது என்னுங்க?"

செல்லாத்தாள் நிமிரவில்லை. "மஞ்சள்."

"மஞ்சள்னு கண்ணுக்குத் தெரியுதுங்க. ஏனுங்க வெச்சீங்க?"

"புதுத்துணிக்கு மஞ்சள் வெக்காம குங்குமமா வெப்பாங்க?"

"எத்தனை துணிக்கு வெச்சீங்க?"

"எல்லாத்துக்குந்தான். ஒண்ணுக்கு வெச்சு ஒண்ணை உட்டா அந்தப் புள்ளைக்கு ஓரவஞ்சனை ஆயிராது?"

முந்நூற்று அறுபது துணி. மூன்று மாதத்தில் ஒரு ஊசியில் நூல் கோத்துக் கொடுக்காத கை அது. நம்ம ஊர்ல இருக்கறவங்கெல்லாம் பட்டு மெத்தையிலயா உருளறாங்க, கடல் தாண்டித் துணி தெச்சு அனுப்பறதுக்கு என்று போகும்போதும் வரும்போதும் குத்திக்கொண்டே இருந்த வாய் அது. இடைஞ்சல் செய்தால் சண்டை போடலாம். நல்லது செய்கிறேன் என்று கெடுத்து வைத்தவளிடம் என்னவென்று சண்டை போடுவது? செல்வப்பிரியா தலையில் அடித்துக்கொண்டாள். வேறென்ன செய்வாள்.

போனை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போனாள். பின்சி பெட்டி கட்டுகிற அவசரத்தில் இருந்தாள்.

"சேச்சி, கறை உண்டெங்கில் அது நடக்கில்லா." பின்சியின் தமிழ் எப்போதுமே பாதி தூரத்தில் மலையாளத்துக்குத் திரும்பிவிடும். "போன தடவை ஒரு பேக்கை அங்க பிடிச்சு வெச்சாங்க. பழைய துணின்னு சொல்லி. நாலு மாசம் ஆச்சு வெளிய எடுக்க. பின்னெ அது மட்டும் இல்லா. அந்த அம்மாமாருக்கு யாரும் புதுசு கொடுத்ததே இல்லா. அழுக்குத் துணிய கழிச்சுப் போட்டாங்கன்னு அவங்களுக்குத் தோணக்கூடாது."

"எத்தனை மணி வரைக்கும் பாக்கலாம்?"

"அஞ்சு மணிக்கு நான் உள்ள போகணும் சேச்சி. நல்லது எத்தனை இருக்கோ, அத்தனை மதி, அத்தனை போதும்."

நல்லது ஒன்றுகூட இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. சரி என்று வைத்துவிட்டாள்.

இதற்குள் வீட்டுக்குள் வேறொரு காரியம் நடந்துகொண்டிருந்தது. செல்வப்பிரியாவின் புருசன் பூபதிராஜா நல்ல மனிதன். கொல்லங்கோட்டில் விதைக்கடை வைத்திருக்கிறான். பெண்டாட்டிக்கு ஒரு கஷ்டம் என்றால் பார்த்துக்கொண்டு நிற்க மாட்டான், அது பலமா பலவீனமா என்றுதான் தெரியவில்லை. கதீஜா வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல, "இதுக்கா இத்தனை அக்கப்போரு, சோப்புப் போட்டு அலசுனா போயிருமல்ல" என்று ஒரு அண்டா நிறையச் சோப்புத் தண்ணீர் கரைத்து ஐம்பது சட்டையை மொத்தமாக அமுக்கிவிட்டான்.

மஞ்சளில் சோப்புப் பட்டால் என்ன ஆகும் என்று மஞ்சள் பூசிக் குளித்தவர்களுக்குத் தெரியும். பூபதிராஜா குளித்ததில்லை.

"ஏனுங்க, என்ன பண்றீங்க?" என்று செல்வப்பிரியா ஓடி வந்தபோது அவன் கையில் ஒரு சட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பேந்தப் பேந்த விழித்தான். மஞ்சள் இருந்த இடமெல்லாம் செக்கச்செவேல் என்று ரத்தமாட்டம் மாறியிருந்தது.

"நல்ல சோப்புத்தான் போட்டேன் பிரியா," என்றான்.

ஐம்பது குழந்தைச் சட்டை, ஐம்பதிலும் ரத்தத் திட்டு. பிரசவ ஆஸ்பத்திரிக்கு இதைவிடப் பொருத்தமாக எதை அனுப்ப முடியும்? செல்வப்பிரியா அண்டாவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

செல்லாத்தாள் முறத்தோடு வந்து எட்டிப் பார்த்தாள். பார்த்துவிட்டு நிதானமாகச் சொன்னாள்: "நான் மஞ்சத்தானே வெச்சேன் அம்முணி. குங்குமம் வெச்சது உம்பட புருசன்."

கதீஜாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முகத்தைச் சுவர் பக்கம் திருப்பி முக்காட்டை இழுத்து வாயைப் பொத்திக்கொண்டாள். செல்வப்பிரியா மட்டும் சிரிக்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்ததும் கதீஜாவும் அடங்கினாள்.

"புளிப்புக் காட்டுனா செவப்பு மாறும் பிரியா. எலுமிச்சங்காய் இருக்குதா?"

தோட்டத்தில் இருந்த காயையெல்லாம் பறித்துப் பிழிந்தார்கள். நாலு தண்ணீர் அலசினார்கள். சிவப்பு மாறியது. மாறி மறுபடியும் மஞ்சளாயிற்று. மணி ஒன்பது. ஒன்றரை மணி நேரம் மல்லுக்கட்டிப் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்திருந்தார்கள்.

"வெயில்ல போட்டா போயிரும்," என்றாள் செல்லாத்தாள், யாரையும் பார்க்காமல்.

"என்னுங்க?"

"மஞ்சள் வெயிலுக்கு நிக்காது. மஞ்சத்தண்ணி பட்ட சேலையை ஈரத்தோட வெயில்ல விரிச்சா பொழுது சாயறதுக்குள்ள வெளுத்துரும். நெழல்ல போட்டா ஒரு மாசமானாலும் போகாது. நேர் வெயில் வேணும்."

"இதை அப்பவே சொல்றதுக்கு என்னுங்க அத்தை?"

"நீ கேட்டயா? மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டு போனோட போயிட்ட."

பதில் சொல்ல நேரமில்லை. முந்நூற்று அறுபது துணியையும் நனைத்து விரிக்க வேண்டும். எங்கே விரிப்பது? வீடோ ஓட்டு வீடு, மொட்டை மாடி கிடையாது. சுற்றிலும் தென்னை, அடிக்கு அடி நிழல். பங்குனி வெயில் தலையைப் பிளக்கிறது, ஆனால் அது விழுகிற இடம் ஒன்றே ஒன்றுதான். வீட்டுக்குப் பின்னால் இருக்கும் சிமெண்ட் களம்.

களம் காலியாக இல்லை. அப்புசாமியின் நெல் முழுக்கப் பரப்பிக் கிடந்தது. அப்புசாமி தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, நெல் தள்ளும் பலகையால் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குக் கிளறிக்கொண்டிருந்தார்.

"மாமா, பாதிக் களம் மட்டும் சாயங்காலம் வரைக்கும் குடுங்க," என்றாள் செல்வப்பிரியா.

"மத்தியானம் மில்லு வண்டி வருது. ஈரம் இருந்தா எடுக்க மாட்டான்."

"கொஞ்சம் ஒதுக்கிப் போட்டாப் போதுமுங்க."

"ஒதுக்கிப் போட்டா மேல காயும், அடியில காயாது. வருசா வருசம் ரெண்டு போகம் நெல்லு வெக்கறவனுக்கு நீ சொல்லித் தர்றயா?" அவர் பலகையை நிறுத்தவில்லை. "ஆப்பிரிக்காக்காரன் புள்ளைக்குத் துணி காயப்போட எங்களத்தைக் கேக்கறயே அம்முணி, நம்ம ஊர்ல எல்லாம் புள்ளையே பொறக்கறதில்லையா?"

மூன்று மாதமாகக் கேட்ட கேள்விதான். தோட்டத்தில் கேட்டார், சாப்பிடும்போது கேட்டார், வந்த விருந்தாளிகள் முன்னால் கேட்டார். ஒவ்வொரு தடவையும் செல்வப்பிரியா சிரித்து மழுப்பிவிட்டு மிஷினில் போய் உட்கார்ந்துகொள்வாள். இன்றைக்கு முடியவில்லை. காலையிலிருந்து பொங்கிக்கொண்டிருந்தது. சத்தம் போடாமல், ஆனால் நிறுத்தாமல் சொன்னாள்.

"பொறந்துச்சுங்க மாமா. பதினாலு வருசத்துக்கு முந்தி உங்க பேத்தி யோகப்பிரியா பொறந்தா. நாள் ஆகறதுக்கு ஒரு மாசத்துக்கு முன்னாடி, ஆடி மழையில, உங்க ஜீப்புலதான் கொண்டு போனீங்க. ஆஸ்பத்திரியில புள்ளையச் சுத்த ஒரு துணி குடுங்கன்னு கேட்டாங்க. நம்மகிட்ட ஒரு துணி இல்லைங்க. பொறக்கறதுக்கு முந்தி புள்ளைக்குத் துணி எடுத்து வெக்கக்கூடாதுன்னு இந்த ஊட்ல சட்டம். அப்ப அங்க நர்ஸா இருந்த பின்சி அலமாரியைத் தொறந்து, யாரோ தெச்சுக் குடுத்து வெச்ச கட்டு ஒண்ணைப் பிரிச்சு எம்புள்ளையச் சுத்துனா. அது யார் குடுத்ததுன்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது. குடுத்தவங்க நம்ம ஊரா, நம்ம ஜனமான்னு கேட்டுட்டுக் குடுக்கலைங்க."

அப்புசாமியின் பலகை நின்றது.

சட்டம் போட்டது யார் என்று செல்வப்பிரியா சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. அந்தச் சட்டத்தைப் போட்டவள் ஈரத்துணி நிறைந்த அன்னக்கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவளுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். செல்வப்பிரியா திரும்பிப் பார்த்தபோதுதான் அது தெரிந்தது. சொன்னதைத் திருப்பி வாங்கவா முடியும்?

செல்லாத்தாள் கூடையை இறக்கி வைத்தாள். நேராகப் போய்ப் புருசன் கையிலிருந்த பலகையை வாங்கினாள். ஒரே தள்ளு. நெல் சரசரவென்று மேற்கே ஒதுங்கியது.

"ஏய், என்ன பண்ற?"

"பாதிக் களம் போதும்னு சொல்றாளல்ல."

"மில்லுக்காரன் ஈரம்னு சொன்னா?"

"சொன்னா நாளைக்குக் காய வெச்சுக்கலாம். நெல்லு நாளைக்கும் இங்கதான் கெடக்கும். அந்த நர்ஸுப் புள்ள இன்னிக்கு பிளேன் ஏறுது."

அப்புசாமி மனைவியைப் பார்த்தார். மருமகளைப் பார்த்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு விறுவிறுவென்று வீட்டுக்குள் போய்விட்டார். கோபித்துக்கொண்டார், இனி மூன்று நாளைக்குச் சோறு வேண்டாம் என்பார் என்று செல்வப்பிரியா நினைத்தாள். இருக்கட்டும், வாக்குக் கொடுத்தாயிற்று என்று துடைப்பத்தை எடுத்துக் களத்தைக் கூட்டத் தொடங்கினாள். பூபதிராஜா எதையும் தொடாமல் தள்ளி நின்றான். புத்தி வந்திருந்தது.

முதல் சட்டையை விரிக்கப் போன நேரத்தில் பின்னாலிருந்து குரல் வந்தது. "நெல்லுக் களத்துல வெறுமனே விரிப்பாங்களா? அறிவு வேண்டாம்?"

அப்புசாமிதான். கையில் ஏழெட்டு வேட்டி. கல்யாணம், கருமாதி, கோவில் என்று விசேஷத்துக்கு மட்டும் கட்டுகிற, இஸ்திரி மடிப்புக் கலையாத வேட்டிகள்.

"நெல்லுச் சொணை ஒட்டுச்சுன்னா பச்சப்புள்ளைக்கு அரிச்சுக் கொட்டும். இதைக் கீழ போட்டு அது மேல விரி."

செல்வப்பிரியா முந்தானையில் ஈரக்கையைத் துடைத்தாள். சரிங்க மாமா என்று வாங்கிக்கொண்டாள். இந்த அறிவைக் காலையிலேயே காட்டியிருந்தால் என்ன என்று மனசுக்குள் ஒரு எரிச்சலும் கூடவே வந்தது. இந்த வீட்டில் நல்லது எதுவும் நேர் வழியில் வந்து சேர்வதில்லை.

பத்து மணிக்குக் களத்தின் கிழக்குப் பாதி வெள்ளையாகிவிட்டது. வேட்டி போதாமல் செல்வப்பிரியாவின் நூல் சேலைகள், கதீஜா வீட்டிலிருந்து வந்த படுக்கை விரிப்புகள். துணி காயக் காயத் தண்ணீர் தெளிக்க வேண்டும், திருப்பிப் போட வேண்டும். கதீஜா தெளித்தாள். செல்வப்பிரியா ஒரு பக்கமிருந்தும் செல்லாத்தாள் மறு பக்கமிருந்தும் திருப்பிக்கொண்டே வந்தார்கள். சூடு காலைப் பொசுக்கியது. பதினொன்றரைக்குக் கறை வெளிறத் தொடங்கியது. பன்னிரண்டரைக்குச் சட்டைகளில் பாதி சுத்தமாகிவிட்டது. குல்லாய் மட்டும் இரட்டைத் துணி, அது அடம் பிடித்தது.

ஒன்றரை மணிக்கு மில் வண்டி வந்தது. வந்தவன் ஒரு நெல்மணியைக் கடித்துப் பார்த்தான், களத்தின் மறு பாதியைப் பார்த்தான், ஒன்றும் விளங்காமல் அப்புசாமியைப் பார்த்தான்.

"மீதி நாளைக்கு எடுத்துக்கப்பா," என்றார் அப்புசாமி. "இன்னிக்கு எங்களத்துல சமூகசேவை நடக்குது."

குத்தலாகத்தான் சொன்னார். ஆனால் சொல்லிவிட்டுத் தானே ஒரு வேட்டியின் நுனி காற்றில் எழும்பாமல் கல் எடுத்து வைத்தார்.

கதீஜா தொழுகைக்குப் போன நேரத்தில் மாமியாரும் மருமகளும் குல்லாய் வரிசையில் எதிரெதிரே குந்தியிருந்தார்கள்.

"அன்னிக்குத் துணி எடுக்க வேண்டாம்னு சொன்னவ நாந்தான்," என்றாள் செல்லாத்தாள்.

"உங்களை மனசுல வெச்சுச் சொல்லலைங்க அத்தை."

"என்னையத்தான் சொன்ன. சொன்னா என்ன? பதினாலு வருசமா எப்பச் சொல்லுவேன்னுதான் பாத்துக்கிட்டு இருந்தேன். நீ ஒரு நாளும் சொல்லலை. அதுதான் எனக்கு முள்ளாட்ட இருந்துச்சு." ஒரு குல்லாயைத் திருப்பிப் போட்டாள். "எங்கம்மா எனக்குச் சொன்னா, நான் உனக்குச் சொன்னேன். முன்னாடியே எடுத்து வெச்சா புள்ளைக்கு ஆகாதும்பாங்க. கண்டது யாரு? அன்னிக்கு ஆஸ்பத்திரி வராந்தாவுல அந்த நர்ஸுப் புள்ள, துணி எங்கன்னு கேட்டப்ப, எனக்கு மூஞ்சியக் கொண்டு போய் எங்க வெக்கறதுன்னு தெரியலை. எம்பேத்தி எவளோ தெச்ச வெறுந்துணியில, ஒரு பொட்டு மஞ்சள் இல்லாம ஊட்டுக்கு வந்தா."

செல்வப்பிரியா குனிந்து ஒரு குல்லாயைத் திருப்பினாள்.

"அதுதான், இதுகளாச்சும் அப்படிப் போக வேண்டாம்னு வெச்சேன். ஒவ்வொண்ணுக்கும் நல்லா இரு சாமின்னு சொல்லித்தான் வெச்சேன். இடுப்பு ஒடிஞ்சு போச்சு."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, இத்தனை பாடு இல்லைங்களே அத்தை."

"மூணு மாசம் வாய்க்கு வந்ததைப் பேசிட்டு, அப்புறம் எந்த வாயில வந்து சொல்றது?"

அதுவும் சரிதான். கோபப்படவும் முடியவில்லை, கோபத்தை விடவும் முடியவில்லை. இந்த மனுஷியை என்னதான் செய்வது என்று செல்வப்பிரியாவுக்கு அழுகை அழுகையாக வந்தது. வெயிலில் கண் கூசுவது போல முந்தானையால் துடைத்துக்கொண்டாள்.

"யோகாவுக்குப் பரீட்சை முடிஞ்சா லீவுதான்," என்றாள் செல்லாத்தாள், சம்பந்தமே இல்லாமல். "சோறாக்க எனக்கு இன்னும் கை இருக்குது. ஒரு மாசம் ரெண்டு மாசமெல்லாம் ஒரு கணக்கே இல்லை."

எதற்கு இந்தப் பேச்சு என்று செல்வப்பிரியாவுக்கு விளங்கவில்லை. வெயிலில் அத்தைக்குத் தலை சுற்றுகிறதோ என்று ஒரு சொம்பு மோர் கொண்டு வந்து கொடுத்தாள்.

இரண்டே முக்காலுக்குக் கடைசிக் குல்லாயும் வெளுத்தது. ஒவ்வொரு குல்லாயாகத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள் கதீஜா. ஒன்றிலும் ஒரு பொட்டுக்கூட இல்லை. சட்டையையும் சுற்றுத்துணியையும் வெளுக்க வெளுக்க மடித்து வைத்திருந்தார்கள், குல்லாயைச் சேர்த்து உறையில் போட்டு அட்டைப்பெட்டிகளில் அடுக்கினார்கள். நூற்றிருபதும் ஏறிய பிறகு காரில் பூபதிராஜாவுக்கு மட்டும்தான் இடம் இருந்தது.

"வழியில எதுக்கும் உதவி பண்ணாதீங்க," என்றாள் செல்வப்பிரியா. "நேராப் போங்க, நேராக் குடுங்க."

"சரி பிரியா," என்றான் அவன், ஐம்பது சட்டையின் பாவம் இன்னும் கழுவப்படாதவனாக.

ஐந்தேகாலுக்குப் பின்சியின் போன் வந்தது.

"கிட்டி சேச்சி, எல்லாம் கிட்டி. ஒரு கறை கூட காணலை. நான் வெறுதே பயந்தேன்." பின்னால் விமான நிலையத்து அறிவிப்புச் சத்தம். பின்சி குரலைத் தாழ்த்தினாள். "ஜூலையில நிங்கள் வரும்னு அவங்ககிட்ட நான் சொல்லியாச்சு கேட்டோ. அங்குள்ள பெண்களுக்கு ஒரு மாசம் தையல் சொல்லிக் கொடுத்தா, பின்னெ நம்மள எதிர்பார்க்க வேண்டாம், அவங்களே தைச்சுக்கும். வீட்டுல சொன்னோ?"

"இல்ல பின்சி. சொல்லோணும்."

"பாஸ்போர்ட்?"

"வந்துருச்சு."

வந்து பத்து நாள் ஆகிறது. விசாரணைக்குப் போலீஸ்காரர் வந்த அன்று வீட்டில் மற்ற எல்லோரும் எலப்புள்ளிக்கு ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தது அவள் அதிர்ஷ்டம். தபாலைக் கையெழுத்துப் போட்டு வாங்கியதும் அவளேதான். துணி அனுப்பவே மூன்று மாதம் குத்திக்காட்டிய வீட்டில், நானே போகிறேன் என்று எந்த முகூர்த்தத்தில் சொல்வது? புருசனிடம்கூட இன்னும் வாய் திறக்கவில்லை. இன்றைக்கு அவன் கோயமுத்தூரிலிருந்து திரும்பி வந்ததும் சொல்லிவிடலாம் என்று தோன்றியது. காட்டிச் சொல்வது நல்லது. எடுத்து வைத்துக்கொள்ளலாம் என்று கடைசி அறைக்குப் போனாள்.

மரப்பெட்டி காலியாகக் கிடந்தது. செய்தித்தாள் விரிப்பைத் தூக்கினாள். பாஸ்போர்ட் வைத்த இடத்தில்தான் இருந்தது, ஆனால் தலைகீழாக. அவள் அப்படி வைக்கவில்லை.

எடுத்து ஜன்னலோரம் கொண்டு போய்த் திருப்பினாள். கருநீல அட்டையின் மூலையில், ஒரு கட்டைவிரல் அகலத்துக்கு மஞ்சள். உள்ளே பிரித்தாள். அவள் போட்டோ இருந்த பக்கத்திலும், முகத்தில் பட்டுவிடாமல் பார்த்துப் பதனமாக, ஓரத்தில் ஒரு பொட்டு.

அத்தைக்கு நேற்றே தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டு, காலையிலிருந்து அத்தனை ஏச்சையும் வாங்கிக்கொண்டு, களத்தில் எதிரே குந்திக்கொண்டு, ஒரு மாசம் ரெண்டு மாசமெல்லாம் ஒரு கணக்கே இல்லை என்று சொன்னது இதற்குத்தான்.

செல்வப்பிரியாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. பாஸ்போர்ட்டில் மஞ்சள் கறை என்று சொன்னால் பின்சி ஏறிய விமானத்திலிருந்து கீழே குதித்துவிடுவாள்.

"அம்முணி, காப்பி ஆறுது பாரு," என்று சமையல்கட்டிலிருந்து செல்லாத்தாளின் குரல் வந்தது.

வர்றேனுங்க அத்தை என்று சொல்லிவிட்டு அங்கேயே நின்றாள். முந்தானை நுனியால் அட்டையை மெல்லத் தேய்த்துப் பார்த்தாள். போகவில்லை. துணி என்றால் களம் இருந்தது. இதை எந்த வெயிலில் காயப்போடுவது?